இடுப்பளவுத் தண்ணீர்

"அம்மா, நீங்கள் ஏன் வரேல்ல?"

"எங்க வரேல்ல?"

"தண்ணிக்குள்ள. நான் விழுந்து கிடக்கேக்க தங்கத்துரை மாமாதானே ஓடிவந்து தூக்கினவர். நீங்கள் கரையில நிண்டு கத்தினீங்கள்."

"எனக்கு நீந்தத் தெரியாதடி செல்லம்."

"அப்பா வெள்ளைக்கார அன்ரிமாருக்கெல்லாம் பழக்கிறார். உங்களுக்குப் பழக்க மாட்டாராமோ?"

போன ஆவணியில் ஒரு மாலை, தலை துவட்டும்போது எட்டு வயது மகள் கேஷிகா கேட்ட கேள்வி அது. சுலோஜனா துவாயால் இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தாள். "நோகுதம்மா" என்று பிள்ளை சிணுங்கியதோடு கதை நின்றது. சுலோஜனாவின் மனதுக்குள்தான் அது நிற்கவில்லை.

அன்றைக்குப் பிள்ளை விழுந்தது நிலாவெளிக் கரையில், பெரியவர்களுக்கு இடுப்பளவு வரும் தண்ணீரில். ஓர் அலை வந்து புரட்டிவிட்டது, அவ்வளவுதான். சுலோஜனா ஓடினாள். முழங்கால் நனைந்ததும் கால்கள் அப்படியே நின்றுவிட்டன. அவளைத் தாண்டி ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கியவர், கணவன் கோணேஸோடு சுற்றுலாப் படகில் வேலை செய்யும் தங்கத்துரை. கோணேஸ் அந்த நேரம் எதிரே கடலுக்குள் இருக்கும் புறாத்தீவுப் பக்கம், சுற்றுலா வந்த யாரோ ஒரு பெண்ணுக்கு நீச்சல் கண்ணாடி மாட்டிவிட்டு மீன் காட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் தொடக்கம் கேஷிகா கடலில் கால் வைக்கக் கூடாது என்று சுலோஜனா சொல்லிவிட்டாள். பிள்ளை அழுதாள். கோணேஸ் வழமைபோலப் படகடிக்குப் போய்விட்டான். அவன் ஏசியிருந்தாலும் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது.

அவனிடமே கேட்டிருக்கலாம். ஆனால் எந்த வாயால் கேட்பது? கலியாணம் முடித்துக் கந்தளாயிலிருந்து இந்தக் கரைக்கு வந்த முதல் மாதமே அவன் கூப்பிட்டவன்தான். "வாரும், நீந்தப் பழக்கிவிடுறன்" என்று கையை நீட்டினான். சுற்றிவர அவனுடைய கூட்டாளிகள் நின்றார்கள். வெட்கத்தை மறைக்க அவள் பெரிய கதை கதைத்தாள். "எங்கட கந்தளாய்க் குளத்தில முதலை கிடக்கு. தண்ணியெண்டால் தள்ளி நிக்கத்தான் எங்களுக்குப் பழக்கினவை. என்னை இறக்க உங்களாலயும் ஏலாது, உங்கட பரம்பரையாலயும் ஏலாது." எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு பத்து வருசமாக ஒரு முறைகூட அவன் கூப்பிடவில்லை. 'இன்னொருக்கால் கேட்டால் ஓம் எண்டு சொல்லுவன்' என்று அவளும் காத்திருந்து காத்திருந்து பார்த்தாள். அவனோ ஒருமுறை வேண்டாம் என்றதை மறுபடி நீட்டுகிற ஆளில்லை.

ஜனவரி முதலாம் திகதி, திருகோணமலை நகரத்தில் அவள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் கேக் வெட்டினார்கள். கடைக்காரி ஜெஸீமா, கிண்ணியாக்காரி, இவளைவிட நாலைந்து வயதுதான் மூப்பு.

"ஆளுக்கொரு எண்ணம் சொல்லுங்க பாப்பம், இந்த வருசம் என்ன செய்யப் போறீங்க?"

"மெலியவேணும்" என்றாள் சுலோஜனா.

"அதத்தான் போன வருசமும் சொன்னீங்க புள்ள. பொங்கலோட முடிஞ்சிது. நீங்க மெலிஞ்சா என்ன, மெலியாட்டி என்ன, கடல் வத்தப் போகுதா? சொல்லக் கூச்சமா ஒண்டு உள்ளுக்க இரிக்கும். அதச் சொல்லுங்க."

"அப்பிடி ஒண்டும் இல்ல."

"எனக்கு இரிக்கி. ஸ்கூட்டி ஓடப் போறன். சிரிக்கிறவங்க சிரிச்சிட்டுப் போகட்டும்."

சிரிக்கத்தான் செய்தார்கள். ஜெஸீமா முதலில் கடை ஷட்டரில் முட்டினாள். பிறகு பக்கத்துப் பழக்கடையின் வாழைக்குலையில் முட்டினாள். "இடிச்ச குலையை நீங்கதான் வாங்கவேணும்" என்று பழக்கடைக்காரர் சட்டம் போட, அந்தக் கிழமை முழுக்கக் கடையில் எல்லோருக்கும் வாழைப்பழம். ஆனால் பங்குனி பிறந்த ஒரு காலையில் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டித் தனியாக வந்து இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"வந்திட்டன். இப்ப ஒங்கட கதையச் சொல்லுங்க."

அந்த முகத்தைப் பார்த்தபோது சுலோஜனாவால் மறைக்க ஏலவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். ஜெஸீமா சிரிக்கவில்லை.

"ஆருக்கிட்டப் பழகப் போறீங்க?"

"அவரிட்டத்தான்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவருக்கே தெரியாட்டி, எனக்குத் தெரிஞ்சு என்ன செய்யிற? என்னால ஸ்கூட்டிலதான் ஏத்தேலும்."

"சித்திரை வருசத்துக்குச் சொல்லுறன். கடலும் அப்ப அடங்கியிருக்கும்."

"சொல்லாம வந்தா கடைக்குள்ள விடமாட்டன்."

அன்றிலிருந்து சுலோஜனா தன்னளவில் தொடங்கிவிட்டாள். குளியலறையில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, மூச்சை அடக்கி முகத்தை உள்ளே வைத்துப் பழகினாள். முதல் நாள் புரையேறிக் கண் சிவந்தது. பிறகு பிறகு, "உள்ளுக்க என்ன பிள்ளை, நித்திரையோ?" என்று மாமி புஸ்பராணி கதவைத் தட்டும்வரை அவளால் தாக்குப்பிடிக்க முடிந்தது. பயம் போகவில்லை. பயத்தோடேயே முகத்தை வைக்கலாம் என்பது தெரிந்துவிட்டது.

சித்திரை பிறந்தது. மூலிகை அவித்த மருத்துநீர் வைத்துத் தலை முழுகி, பஞ்சாங்கம் சொன்ன நிறத்தில் புதுச்சேலை உடுத்தி, முற்றத்தில் பொங்கலும் பொங்கியாயிற்று. மாமி வெற்றிலையில் காசு வைத்து எல்லோருக்கும் கைவிசேஷம் கொடுத்தா. வாங்கிய கையோடு, நல்ல நேரம் முடிவதற்குள், அந்த வருசத்துத் தொழிலை ஒவ்வொருவரும் கொஞ்சமாவது தொட்டுத் தொடங்கிவிட வேண்டும். கேஷிகா ஒரேயொரு கணக்குச் செய்து கொப்பியை மூடினாள். மாமி வேலியோரம் தென்னம்பிள்ளை நட்டா. கோணேஸ் கற்பூரமும் பூவுமாகப் படகடிக்குப் போனான். சுலோஜனா ஒவ்வொரு வருசமும் இந்த நேரம் குசினிக்குள் வடை சுடுவாள்.

இந்த முறை எண்ணெய்த் தாச்சியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

"வடை?" என்றா மாமி.

"வந்து சுடுறன் மாமி."

கரைக்குப் போனபோது படகு முழங்காலளவுத் தண்ணீரில் நின்றது. கோணேஸ் கயிற்றை இழுக்க எஞ்சின் உறுமியது. பக்கத்தில் தங்கத்துரை.

"என்ன தங்கச்சி, பாயாசத்தைக் காணேல்ல? வெறுங்கையோடயோ வாறது?"

"என்ன விசயம்?" என்று கோணேஸ் எஞ்சினை நிறுத்தினான்.

கேட்க வந்ததைக் கேட்க வாயெடுத்தாள். தங்கத்துரை பார்த்துக்கொண்டு நின்றார். "சாப்பிட வாங்கோ" என்றாள்.

"இதுக்கே இவ்வளவு தூரம் நடந்தனீர்? வாறம், போம்."

திரும்பி நடந்தாள். நாலு எட்டு வைக்கவில்லை, பின்னாலேயே வந்திருந்த கேஷிகா கண்ணில் பட்டாள். பிள்ளை தகப்பனின் படகைப் பார்த்தபடி கடலை நோக்கி ஓடி வந்தாள். மணல் நனையத் தொடங்குகிற இடத்தில், யாரும் சொல்லாமலே, டக்கென்று நின்றாள். நுரை கிட்ட வந்ததும் புதுச்சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினாள். ஒரு வருசத்துக்கு முதல் இந்தப் பிள்ளை அலைக்குள் தலைகுப்புறப் பாய்ந்தவள்.

தன்னுடைய பயம் தன்னோடு போகட்டும். அதைப் பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுக்க சுலோஜனா தயாரில்லை.

சேலையைத் தூக்கிச் செருகினாள். திரும்பித் தண்ணீருக்குள் இறங்கி நடந்தாள். கணுக்கால் நனைந்தது. முழங்கால் நனைந்தது. கால்கள் நிற்கப் பார்த்தன, அவள் நிற்கவிடவில்லை. படகின் விளிம்பை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, புதுச்சேலை தங்கச்சி" என்றார் தங்கத்துரை.

"நனைஞ்சால் காயும் அண்ணை."

கோணேஸ் கயிற்றைக் கைவிட்டான். அவன் முகத்தில் சிரிப்பில்லை. படகின் விளிம்பைப் பிடித்திருந்த அவளுடைய கையைப் பார்த்தான்.

"என்னப்பா? சொல்லும்."

"பத்து வருசத்துக்கு முதல் சொன்னது பிழை" என்றாள் அவள், தங்கத்துரைக்கும் கேட்கத்தக்கதாக. "எனக்கு நீந்தப் பழக்கிவிடுங்கோ. நல்ல நேரம் முடிய முதல் தொடங்கவேணும்."