ஆறு நிற நூல்

அம்மன் கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வரும். அந்தக் கூட்டத்தில் தொலைகிற பிள்ளைகளை ஒரு பந்தலில் உட்காரவைத்து, மைக்கில் அறிவித்து, உரியவர்களிடம் ஒப்படைப்பது பஜார் வியாபாரிகள் நடத்திவந்த சேவா சங்கத்தின் பொறுப்பு. சங்கத்தில் சம்பளத்துக்கு மூன்று பேர்: மேனேஜர் காசிராஜன், டைப்பிஸ்ட் ஞானபூரணம், கூட்டிப் பெருக்கித் தண்ணீர் எடுத்துவைக்கும் பேச்சி.

காசிராஜனுக்கு நாற்பத்தாறு வயது. ஒரு வேலையைச் சொன்னால் சொன்னபடி முடிப்பார். தன்னைப் பற்றி அவர் ஒரு முடிவுக்கு வந்து ரொம்ப வருஷமாகியிருந்தது: தனக்குப் புதிதாக ஒன்றை யோசிக்க வராது. சிலருக்கு நல்ல குரல் வாய்ப்பதுபோல யோசனையும் சிலருக்கு மட்டும் வாய்ப்பது என்று நினைத்தார். தனக்கு வாய்க்கவில்லை, அதில் அவருக்கு வருத்தமும் கிடையாது.

எழுபத்தெட்டாம் வருஷத் தபசில்தான் அந்த நிம்மதி போயிற்று. இளையரசனேந்தல் பக்கமிருந்து வந்த நாலு வயசுப் பிள்ளை ஒன்று பந்தலுக்கு வந்து சேர்ந்தது.

"ஒங்க அம்மா பேரு என்ன மக்கா?"

"அம்மா."

"ஊரு?"

"எங்க ஊரு."

எத்தனை விதமாகக் கேட்டாலும் இந்த இரண்டு பதில்தான். பெற்றவர்கள் வேறு திசையில் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் தகப்பன் வந்து சேர்ந்தான். காலெல்லாம் புழுதி, மூன்று நாள் தாடி. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "நல்லாப் பாத்துக்கிட்டீங்க அண்ணாச்சி" என்று கும்பிட்டான். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடக் காசிராஜனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் ஆனி மாதம் கூட்டம் போட்டார்கள். தறிக்கூட முதலாளி சுயம்புலிங்கம்தான் தலைவர். மைக் செட் போடும் கடையநல்லூர் மைதீன் பாட்சாவும் வந்திருந்தார்.

"இந்த வருசம் என்ன செய்யலாம்? சொல்லுங்கவே" என்றார் சுயம்புலிங்கம்.

எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். "இன்னும் நாலு மைக் குழாய் கூடுதலாக் கட்டலாம்" என்றார் காசிராஜன். எல்லா வருஷமும் அவர் சொல்வது அதுதான். பிள்ளைகளின் சட்டையில் சீட்டுக் குத்தலாம் என்று மைதீன் பாட்சா ஆரம்பித்தார். "அது ஆகாது பாய். யாரு உக்காந்து எழுத?" என்று காசிராஜனே முடித்துவைத்தார்.

அப்போது ஞானபூரணம் டைப்ரைட்டரை விட்டு எழுந்து வந்தாள். அதுவரை அவள் கூட்டத்தில் பேசியதில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீங்க. இங்கன யாராவது வாயத் தொறந்தா ஒடனே 'அது ஆகாது'ன்னு ஒரு சத்தம் வருது. பொறவு எவன் பேசுவான்? இன்னைக்கு ஒரு மணி நேரம் அந்த வார்த்தை வேண்டாம். கிறுக்குத்தனமா இருந்தாலும் சொல்லுங்க, நான் எழுதிக்கிடுதேன். ஆகுமா ஆகாதான்னு அடுத்த வாரம் பாப்போம்."

அந்தச் சத்தம் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். காசிராஜனுக்குக் காது சூடேறியது. ஆனால் சுயம்புலிங்கம் தொடையைத் தட்டிச் சிரித்துவிட்டார். "சரி, எழுதும்மா. பாத்திருவோம்."

முதல் கால்மணி நேரம் கல்லுடைப்பதுபோல இருந்தது. பிறகு ஒருவர் சொன்னதைப் பிடித்து இன்னொருவர் சொன்னார். பிள்ளைகளைக் கூட்டிவராதே என்று தண்டோரா போடுவது. தாயையும் பிள்ளையையும் துண்டால் சேர்த்துக் கட்டுவது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஊதல் கொடுப்பது. ஊதல் என்றதும் மைதீன் பாட்சா கையெடுத்துக் கும்பிட்டார். "ஏ அல்லா! என் மைக்கு என்னத்துக்கு ஆகும்?" கூடம் சிரித்தது. முப்பது யோசனை வந்துவிட்டது.

வாசலில் துடைப்பத்தோடு நின்ற பேச்சி மெல்லக் கேட்டாள். "நான் ஒண்ணு சொல்லவா? எங்க அண்ணன் செம்மறி மேய்க்கான். நாலு பேரு ஆடு ஒரே கிடையில கெடக்கும். முதுகுல ஆளுக்கொரு சாயம் தடவியிருப்பாக. ஆடு வாயத் தொறந்து பேரு சொல்லுதா என்ன?"

"நம்ம பிள்ளைய ஆடாக்கிட்டியேட்டி!" என்றார் சுயம்புலிங்கம்.

காசிராஜனுக்கு 'அது ஆகாது' நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மணி பார்த்தார், ஒரு மணி நேரம் முடிய இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது. வாயை மூடிக்கொண்டார். ஞானபூரணம் எழுதினாள்: 'முப்பத்தொன்று. சாயம்.'

நாலு நாள் கழித்து, ஒரு கடிதத்தில் தலைவரிடம் கையெழுத்து வாங்கத் தறிக்கூடத்துக்குப் போனார் காசிராஜன். உள்ளே தறிகளின் சத்தம் காதை அடைத்தது. வாசலில் ஒரு தறிக்காரர் எண்ணெய்க் கையை வேஸ்ட் நூலால் துடைத்து, அந்தச் சிண்டை மூலையில் எறிந்தார். அது ஒரு குவியலின் மேல் விழுந்தது. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், வெள்ளை, கத்திரிப்பூ நிறம் என்று அறுந்த நூல்களெல்லாம் அங்கே மலைபோலக் கிடந்தன. பதினெட்டு வருஷமாக அவர் பார்க்கிற குவியல்தான்.

அவர் நின்றுவிட்டார்.

சாயம். நூல். கை மணிக்கட்டு. பஸ். இவை ஒவ்வொன்றாக வரவில்லை. எல்லாம் ஒரே கணத்தில் கைகோத்துக்கொண்டு வந்து நின்றன. சிவகிரி பஸ்ஸில் இறங்குகிற பிள்ளை ஒவ்வொன்றின் கையிலும் சிவப்பு நூல். கடையநல்லூர் பஸ் என்றால் பச்சை. ராஜபாளையத்துக்கு மஞ்சள், திருநெல்வேலிக்கு நீலம், கோவில்பட்டிக்கு வெள்ளை, இளையரசனேந்தலுக்குக் கத்திரிப்பூ நிறம். பிள்ளை ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

அவருக்கு உடம்பு சிலிர்த்தது. பயம் போலவும் இருந்தது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் இது உலகத்தில் எங்கேயும் இல்லை. இப்போது இருக்கிறது. யார் கொண்டுவந்து வைத்தார்கள்? தனக்குள்ளே இப்படி ஒரு வாசல் இருப்பதை நாற்பத்தாறு வருஷமாக அறியாமலா நடமாடினோம்? வாங்க வந்த கையெழுத்தை மறந்து, ஒரு பிடி நூலை அள்ளிக்கொண்டு வெயிலில் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார்.

மூச்சு வாங்க அவர் சொன்னதைக் கேட்டு ஞானபூரணம் நூலைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "கையில நிறம் இருக்கு. அந்த நிறம் எங்க போயிச் சேரணும் அண்ணாச்சி?"

குடத்தை இறக்கிக்கொண்டிருந்த பேச்சி திரும்பினாள். "பஸ் ஸ்டாண்டுல அந்தந்த பஸ்ஸு நிக்குற எடத்துல ஒசரமா ஒரு கம்பு நட்டு, அதே நெறத்துல துணியைக் கட்டுங்க. பிள்ளையக் கண்டவுக அங்கன கொண்டு விடட்டும். தொலைச்சவுகளும் அங்கன வரட்டும்."

ஒரு யோசனைக்கு மற்றொன்று வந்து தோள்கொடுப்பதைக் காசிராஜன் வாய் பார்த்துக்கொண்டு நின்றார்.

தபசு அன்று காலை ஆறு மணியிலிருந்து பஸ் ஸ்டாண்டிலும் ரயில் நிலையத்திலும் சங்கத் தொண்டர்கள் ஊரைக் கேட்டு அந்த நிறத்தில் நூல் கட்டி, பிள்ளை தொலைந்தால் அதே நிறக் கொடிக்கு வரச் சொன்னார்கள். அம்மன் காப்பு என்று நினைத்துப் பெரியவர்களும் கையை நீட்டினார்கள். மத்தியானத்துக்குள் இருபத்தாறு பிள்ளைகள் தொலைந்து, இருபத்தாறும் கிடைத்துவிட்டன. சிவப்புக் கொடிக்கு ஒரு பையனைக் கொண்டு போய் விட்டால், அவன் தாய் அங்கே முன்னமே நின்று மாரிலடித்துக்கொண்டிருப்பாள்.

நாலரை மணிக்கு ஒரு தொண்டர் ஓடிவந்தார். இடுப்பில் ஒரு குழந்தை. ஒன்றரை வயது இருக்கும். அரைஞாண் கயிறு தவிர உடம்பில் ஒன்றுமில்லை. கையிலும் நூல் இல்லை.

"மாட்டு வண்டியில வந்திருப்பாங்க" என்றாள் ஞானபூரணம். வண்டியில் வருகிறவர்களை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

தெற்கு ரத வீதியில் தபசுக் காட்சிக்காகக் கூட்டம் நெருக்கியடித்து நின்றது. குழந்தை தொண்டை கிழிய அழுதது. மைதீன் பாட்சா இரண்டு தடவை அறிவித்தார்: ஆண் குழந்தை, மாநிறம், சட்டை இல்லை. ஒருவரும் வரவில்லை. இரைச்சலில் பாதிப் பேருக்கு அது விழுந்திருக்காது. விழுந்தாலும் மாநிறத்தில் சட்டையில்லாத குழந்தைகள் அங்கே ஆயிரம் இருந்தன.

மைதீன் பாட்சா குழந்தையையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது பேசாது. ஆனா அழுதுல்லா? அழட்டும். மைக்குல அழட்டும். பெத்தவளுக்குத் தெரியாதா?"

காசிராஜன் தலையாட்டினார்.

மைக்கைக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனார்கள். அந்த அழுகை நாலு ரத வீதிக் குழாய்களிலும் ஒரே சமயத்தில் கிளம்பியது. முதலில் வளையல் கடைப் பக்கம் பேச்சு நின்றது. பிறகு ரங்கராட்டினம் நின்றது. சுண்டல் விற்றவர்கள் கூவலை நிறுத்தினார்கள். ஓர் இரைச்சல் இப்படி அலை அலையாக அடங்குவதைக் காசிராஜன் அதற்கு முன் கேட்டதில்லை. ஊரே மூச்சை அடக்கிக்கொண்டதுபோல இருந்தது. அத்தனை பெரிய கூட்டத்துக்கு நடுவே ஒரு குழந்தை மட்டும் அழுதுகொண்டிருந்தது.

"ஏ வழி விடுங்க! வழி விடுங்க!" என்று மேற்கே ஒரு குரல் கேட்டது. கூட்டம் வகிடு எடுத்தாற்போல் பிரிந்தது. தலைவிரிகோலமாக ஒருத்தி ஓடிவந்தாள். அவளது ரவிக்கையின் முன்புறம் முழுக்கப் பால் கசிந்து நனைந்திருந்தது. "என் பிள்ளதான். என் பிள்ளதான். கேட்டதுமே நெஞ்சு கட்டிக்கிட்டு." வேறு ஒருத்தியும் வரவில்லை. அவள் ஒருத்திதான் வந்தாள். குழந்தையை வாங்கி முந்தானைக்குள் மூடினாள். மைக்கில் அழுகை நின்றது.

அந்த அமைதி இன்னும் ஓரிரு நொடி நீடித்தது. பிறகு யாரோ குலவை போட, ரத வீதி முழுக்கக் குலவை எழுந்தது. மைதீன் பாட்சா துண்டால் கண்ணைத் துடைத்தார். காசிராஜன் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆறு மணி சுமாருக்குத் தபசிருந்த அம்மனுக்குச் சுவாமி காட்சி கொடுத்தார். விவசாயிகள் காணிக்கையாக வீசிய பஞ்சும் மிளகாய் வற்றலும் மழையாக வந்து விழ, கூட்டம் ஒரே உடம்பாகக் கையைத் தூக்கியது. தகப்பன்மார் தோள்களில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளும் தூக்கினார்கள். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக ஆயிரக்கணக்கான சின்ன மணிக்கட்டுகள். காசிராஜன் சுவாமியைப் பார்க்க மறந்து அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பத்தோரு பிள்ளைகள் தொலைந்த அந்த நாளில், இருட்டுமுன் பந்தல் காலியாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை சங்கத்தைத் திறந்தபோது, பேச்சி தன் தெருப் பெண்கள் மூன்று பேரோடு படியில் காத்திருந்தாள்.

"அண்ணாச்சி, பஸ் ஸ்டாண்டுல பொம்பளையாளு ஒதுங்க ஒரு மறைவு இல்ல. அதுக்கு ஒண்ணு யோசிக்கணும்."

காசிராஜன் நாலு நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா. மனசுல படுறதெல்லாம் சொல்லுங்க. பூரணம், நோட்டை எடு."