ரொம்ப அபூர்வங்க

வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவளுக்கு வேலை. காதில் ஹெட்செட்டை மாட்டினால் நாள் முழுக்கத் திட்டு வாங்கலாம். அதற்குச் சம்பளமும் உண்டு. திட்டுகிறவர் மூச்சு விடும் இடைவெளியில் நுழைப்பதற்கென்றே கம்பெனி ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்திருந்தது: "நீங்க சொல்றது ரொம்ப அபூர்வமா நடக்கறதுங்க." பாதிப்பேர், தப்பு நம்மேல்தான் போலிருக்கிறது என்று போனை வைத்துவிடுவார்கள்.

இன்று அதே வாக்கியம் அவள் பக்கம் திரும்பியது.

மடியில் எட்டு மாதக் குண்டுப்பயல். காலையிலிருந்து அவன் செய்வது இதுதான்: விளையாடிக்கொண்டே இருப்பான், திடீரென்று முழங்கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீடு அதிர வீறிடுவான். சற்று நேரத்தில் சட்டென்று அடங்கி, வெளுத்துத் துவண்டு கிடப்பான். பிறகு தேறி விளையாடுவான். பிறகு மறுபடியும். நடுவில் வாந்தி. இவ்வளவையும் வீட்டில் செய்தவன், டாக்டர் அறைக்குள் வந்ததும் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்துச் சிரித்தான்.

"சிரிக்கிறான் பாருங்க. வாயுதான்," என்றார் டாக்டர். "முதல் குழந்தையா?"

"ஆமா சார்."

"அதான்."

அந்த 'அதான்' அவளுக்குச் சுருக்கென்றது. "சார், குடலுக்குள்ள குடல் சொருகிக்கும்னு படிச்சேன்..."

"அதெல்லாம் ரொம்ப அபூர்வம்மா." பேனா மருந்துச் சீட்டில் ஓட ஆரம்பித்துவிட்டது.

கணவன் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். "டாக்டரே சொல்லிட்டாரு. வா."

அவள் எழவில்லை. கத்துகிற வாடிக்கையாளரைக் கண்டு அவள் அலுவலகத்தில் யாரும் பயப்படுவதில்லை. போனை வைக்காதவரைக் கண்டுதான் பயம்.

"பரவாயில்ல சார். நான் லைன்லயே இருக்கேன்."

"எந்த லைன்ல?"

"இந்த நாற்காலியில. இவன் அடுத்த தடவை அழற வரைக்கும்."

"மானம் போகுது," என்று பல்லைக் கடித்தான் கணவன்.

"போகட்டும். நீங்க அதை வாசல்ல பிடிச்சு வச்சுக்கங்க."

இருமல்காரப் பெரியவர் ஒருவர் கதவு வழியே தலையை நீட்டினார். "உள்ள என்ன, குடித்தனமா நடக்குது?"

"ஸ்டூல் காலியா இருக்கு, வாங்க ஐயா," என்றாள் அவள்.

டாக்டர் வேறு வழியில்லாமல் பெரியவரின் முதுகில் குழாயை வைத்தார். குண்டுப்பயல் பேனா மூடியைச் சப்பியபடி நல்ல பிள்ளையாக இருந்தான். 'அழுடா,' என்று மனதுக்குள் சொன்னாள். பெற்ற பிள்ளை வலியில் துடிக்கட்டும் என்று வேண்ட வைத்துவிட்டார்களே என்று அவளுக்கு வயிறெரிந்தது.

மூடி கீழே விழுந்தது. முழங்கால்கள் மடங்கின. வீறிட்ட வீறலில் பெரியவருக்கு இருமலே நின்றுவிட்டது. வாந்தி, மருந்துச் சீட்டை முழுதாக நனைத்தது. அழுகை அடங்கியதும் வயிற்றைத் தடவிப் பார்த்த டாக்டரின் விரல்கள் ஓரிடத்தில் நின்றன. அவர் 'அதான்' என்று சொல்லவில்லை. "ஸ்கேன்," என்றார். "உடனே."

ஸ்கேன் அறை அக்கா திரையைக் காட்டினாள். வளையத்துக்குள் வளையம். "சொருகிக்கிட்டிருக்கு பாருங்க."

"ரொம்ப அபூர்வமாமே?"

"யாரு சொன்னது? போன வாரம்கூட இதே கட்டில்ல ஒண்ணு. உலகம் பூரா வருதும்மா. ஒரு வயசுக்குள்ள, ஆயிரத்துல ஒண்ணுக்குக் கொஞ்சம் குறைவா. கைக்குழந்தைக்குக் குடல் அடைச்சா முதல்ல சந்தேகப்பட வேண்டியதே இதைத்தான்."

ஆயிரத்தில் ஒன்று. உலகத்தில் எத்தனை ஆயிரம்! அத்தனை நாற்காலிகளிலிருந்தும் 'அதான்' கேட்டு எழுந்து போன அம்மாக்களை நினைத்தபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆசனவாய் வழியாகக் காற்றைச் செலுத்தி, சொருகியிருந்த குடலைப் பின்னுக்குத் தள்ளி விடுவித்தார்கள். தாமதமாகியிருந்தால் கத்திதான் என்றார்கள்.

வார்டில் கணவன் தன் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். "வாயுன்னுதான் சொன்னாங்க. நாங்க நாற்காலியை விட்டு அசையவே இல்லையே!"

டாக்டர் வந்தார். "நல்லவேளை, சீக்கிரமே கண்டுபிடிச்சிட்டோம்."

அந்த 'டோம்'மில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்க அவள் வாயெடுத்தாள். அதற்குள் குண்டுப்பயல் வீறிட்டான். டாக்டர் பதறிக் கட்டிலருகே வந்தார். அவள் அவன் கால்களைத்தான் பார்த்தாள். மடங்கவில்லை, கோபமாக உதைத்துக்கொண்டிருந்தன. பால் கொடுக்கலாம் என்று நர்ஸ் அப்போதுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"என்னம்மா, மறுபடியுமா?"

"பசி சார்," என்றாள் அவள், பிள்ளையை அள்ளிக்கொண்டே. "ரொம்ப சகஜம்."