நான்கு காதுள்ள பெட்டி

துவாரகா கோபம் வந்தால் டேனிஷில்தான் கத்துவாள். கோபம் தலைக்கேறினால் மட்டும் தமிழுக்கு வருவாள். அன்று காலை, டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் இருந்த வீட்டுச் சமையலறையில் அவள் தமிழில் கேட்டாள்.

"அம்மா, நீங்கள் அண்டைக்கு வேலையிலை நித்திரை கொண்டீங்களா?"

பவளராணி கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றாள். "இல்லை எண்டுதான் நினைக்கிறன்."

"நினைக்கிறீங்களா?"

"எல்லாரும் சொல்லேக்கை எனக்கே சந்தேகமாக் கிடக்கு பிள்ளை. வயசும் போகுது. ஒருவேளை கண் அயர்ந்திட்டனோ என்னவோ."

துவாரகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா மீதும்தான். செய்யாத குற்றத்தை ஒருத்தி இப்படி மடியில் ஏந்தி வைத்துக்கொண்டு, அது தன்னுடையதுதானோ என்று தடவிப் பார்ப்பாளா?

நடந்தது இதுதான். பவளராணி முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறாள். போன கிழமை பட்டப்பகலில் எலன் என்ற மூதாட்டி குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். கையில் கட்டியிருந்த பொத்தானை அழுத்தியிருக்கிறாள். அழுத்தினால் கூரையில் இருக்கும் வைஃபை பெட்டி வழியாகப் பவளராணியின் இடுப்பில் தொங்கும் கருவி அலற வேண்டும். அலறவில்லை. கோப்பி வண்டி வரும்வரை கிழவி குளிர்ந்த தரையிலேயே கிடந்தாள். ஓடிவந்து தூக்கிய பவளராணியைப் பார்த்து, "உன்னைத்தானே கூப்பிட்டேன்" என்றாள்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் இல்லத்தின் தலைவி பிர்கிட்டா எல்லோருக்கும் முன்னால், "சிலருக்கு உட்கார்ந்துகொண்டே தூங்கும் வரம் இருக்கிறது" என்றாள். சிலர் சிரித்தார்கள். வைஃபை பெட்டிகளைப் பொருத்திய நிறுவனம், எல்லா அறையிலும் சிக்னல் பிரமாதம் என்று முன்பே சொல்லிவிட்டதாம். பிறகு பிழை யாருடையது? பழியைப் பவளராணியின் தலையில் கட்டிவிட்டார்கள். இன்று மத்தியானம் விசாரணை. வேலை போகலாம்.

அந்த நிறுவனத்தில்தான் துவாரகாவும் வேலை செய்கிறாள் என்பது அவளுடைய வயிற்றெரிச்சலின் மறுபாதி. இல்லத்தில் சிக்னலை அளந்தது அவளுடைய மேலாளர் மோர்டன். விசாரணைக்கு முன் இன்னொரு முறை அளந்து காட்டும்படி பிர்கிட்டா கேட்டிருந்தாள். "உன் அம்மாவின் விஷயம், நீ தள்ளி நில்" என்று மோர்டன் சொல்லியிருந்தான். துவாரகா ஏணியைத் தூக்கிக்கொண்டு அவனுக்கு முன்பே இல்லத்துக்குப் போய் நின்றாள். ஏணிக்காரியை யார் தடுப்பார்கள்?

மோர்டன் ஒரு கையில் மடிக்கணினியும் மறு கையில் பவளராணியினுடையதைப் போன்ற ஒரு கருவியுமாக நடைபாதையில் நடந்தான். கருவியை நெஞ்சுக்கு மேலே, பியர் கிளாஸை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு நடந்தான். எந்த அறை வாசலில் நின்றாலும் திரையில் ஒரே ஒரு எண், பச்சை நிறத்தில். அவர்களுடைய கம்பனியில் அதுதான் வழக்கம்: அறைக்கு ஒரு எண், பச்சையென்றால் அடுத்த அறை.

"மைனஸ் ஐம்பத்தேழு" என்றான் பிர்கிட்டாவிடம். "இதைவிட நன்றாக இருக்க முடியாது."

பிர்கிட்டா பவளராணியைப் பார்த்தாள். பவளராணி தரையைப் பார்த்தாள்.

"இங்கே யாரும் அப்படி நடப்பதில்லை" என்றாள் துவாரகா டேனிஷில். "இங்கே குனிந்துதான் வேலை செய்கிறார்கள்." பிறகு அம்மாவிடம் திரும்பினாள். "அண்டைக்கு அந்த நேரம் எங்கை நிண்டனீங்கள்?"

"கடைசி அறையிலை. ஸ்வெனைப் பிரட்டிக்கொண்டு நிண்டனான்."

"அதே மாதிரிச் செய்யுங்கோ."

ஸ்வென் என்பவர் படுக்கையோடு கிடக்கும் பெரிய உடம்புக்காரர். தன் அறையில் கூட்டம் கூடியதில் அவருக்குச் சந்தோஷம். தாராளமாகப் புரட்டுங்கள் என்றார். பவளராணி கட்டில் சட்டத்தோடு வயிற்றை அண்டக்கொடுத்து, குனிந்து, அவரைத் தன் பக்கம் இழுத்தாள். இடுப்பிலிருந்த கருவி அவளுடைய உடம்புக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் நசிந்து கிடந்தது. எலன் ஆஸ்பத்திரியில் இருந்தாள்; துவாரகா அவளுடைய வெறும் அறைக்குப் போய், அங்கே கழற்றி வைத்திருந்த பொத்தானை அழுத்தினாள்.

சத்தமில்லை.

விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தாள். இல்லை. பவளராணி ஸ்வெனுக்குத் தலையணை வைத்து முடித்து முதுகை நிமிர்த்தியபோது கருவி அலறியது. அவள் திடுக்கிட்டுக் கையை மார்பில் வைத்துக்கொண்டாள்.

மோர்டனின் முகம் சிவந்தது. "ஒரு முறை தவறலாம்."

"நான்கு அன்டெனாவையும் தனித்தனியாகக் காட்டுங்கள்" என்றாள் துவாரகா.

"தேவையில்லை. நான்கில் சிறந்ததை நிரல் எடுத்துக் காட்டுகிறது. அதுதான் கணக்கு."

"யாருக்குக் கணக்கு?"

அவனிடமிருந்து மடிக்கணினியை வாங்கினாள் என்று சொல்லலாம். பறித்தாள் என்பதே உண்மை. ஒரு பெட்டிக்கு எதற்கு நான்கு அன்டெனா? அழகுக்கா? ஆள் திரும்புவாள், குனிவாள், கருவியை நசிப்பாள். ஒன்றுக்கு எட்டாதது இன்னொன்றுக்கு எட்டட்டும் என்றுதான் நான்கு. கேட்பதும் பேசுவதும் அவற்றால்தான். மோர்டனின் திரையோ, ஒன்று உயிரோடு இருந்தால் மற்ற மூன்றும் செத்ததை மறைத்துவிட்டுப் பச்சையாகச் சிரிக்கும். துவாரகா உள்ளே போய் நான்கு எண்களையும் விரித்தாள். மைனஸ் ஐம்பத்தேழு. அதற்குக் கீழே மூன்றும் மைனஸ் தொண்ணூற்றைந்து.

"தொண்ணூற்றைந்து என்றால்?" என்று பிர்கிட்டா கேட்டாள்.

"வெறும் இரைச்சல். பெட்டிக்கு நான்கு காது, மூன்று செவிடு."

ஏணியில் ஏறிக் கூரையிலிருந்த பெட்டியின் மூடியைக் கழற்றினாள். ஒரு கேபிள் அதன் இடத்தில் இறுகி இருந்தது. மற்ற மூன்றும் சொருகப்படாமல் தொங்கின. பொருத்திய நாளிலிருந்து அப்படியேதான் தொங்கியிருக்க வேண்டும். மெல்லிய தூசு படிந்திருந்தது. இந்த மூன்று துண்டு வயர்களுக்காகவா அம்மா இரவெல்லாம் தன் கண்களையே சந்தேகப்பட்டுக்கொண்டு படுத்திருந்தாள் என்று நினைத்துக்கொண்டே துவாரகா அவற்றைச் சொருகத் தொடங்கினாள். ஒரு கேபிளைச் சொருக மூன்று தடவை முயல வேண்டியிருந்தது.

"தொழிற்சாலையில் விட்ட பிழையாக இருக்கும்" என்று கீழே நின்று பூசி மெழுகினான் மோர்டன்.

பிர்கிட்டா பெருமூச்சு விட்டாள். அவளுக்கு நிஜமாகவே நிம்மதி. "நல்லது, அப்படியென்றால் விஷயம் முடிந்தது. விசாரணை வேண்டாம். எல்லோரும் கோப்பி குடிப்போமா?"

துவாரகா ஏணியிலிருந்து குதித்து இறங்கினாள். வாயில் வந்த டேனிஷ் வசவு வெளியே வருமுன் பவளராணி அவளுடைய கையைப் பிடித்தாள். விடு பிள்ளை என்று சொல்லப் போகிறாள், பிறகு இவர்களுக்கு நன்றியும் சொல்லப் போகிறாள் என்று துவாரகா பல்லைக் கடித்தாள்.

பவளராணி பிர்கிட்டாவைப் பார்த்து, தன் மெதுவான டேனிஷில் பேசினாள். "முடியவில்லை. நான் தூங்கினேன் என்று கூட்டத்தில் சொன்னீர்கள். தூங்கவில்லை என்று கூட்டத்தில் சொல்லுங்கள். அதே ஆட்களுக்கு முன்னால்."

"எல்லோரையும் ஒரே நேரத்தில் கூப்பிடுவது கஷ்டம், பவளராணி."

"அன்றைக்கு வந்தார்கள்."

பிர்கிட்டா தலையசைத்தாள். "நாளைக் காலை."

"நாளைக் காலை" என்றாள் பவளராணி. "இன்றைக்கு என் வேலை முடிந்ததும் நீங்கள் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். நான் சொன்னால் எலன் சாக்கு என்று நினைப்பாள். நீங்கள் சொல்ல வேண்டும்."

"என்ன சொல்ல வேண்டும்?"

பவளராணியின் குரல் அப்போதுதான் உடைந்தது.

"எனக்குக் கேட்டிருந்தால் நான் வந்திருப்பேன் என்று."