வெட்டுக்கிளி நிறுத்த தராசு

சனிக்கிழமை எல்க் என்ற பெரிய மான் வேட்டை தொடங்குகிறது. திங்கட்கிழமை காலை மார்லிஸின் துப்பாக்கி மக்கர் பண்ணியது. ஊருக்கு வெளியே ஜல்லிப் பள்ளத்தில் ஒரே ஒரு தோட்டா சுட்டாள். அடுத்ததை ஏற்றத் துப்பாக்கியின் பூட்டுத்தண்டான போல்ட்டைத் தூக்கினால் அது அசைவேனா என்றது. உள்ளங்கையால் நாலு அடி அடித்துத்தான் திறக்க முடிந்தது. வெளியே விழுந்த பித்தளைக் கூட்டை எடுத்துப் பார்த்தாள். அடியில் இருக்கும், மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு சப்பையாக நசுங்கிப் போயிருந்தது. பக்கத்தில் பளபளவென்று ஒரு தேய்ப்பு வேறு. உள்ளே அழுத்தம் தாறுமாறாக ஏறினால்தான் கூடு இப்படி ஆகும். இதையே தொடர்ந்து சுட்டால் துப்பாக்கி போகும், கூடவே கண்ணும் போகலாம். மிச்சத் தோட்டாக்களைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு வீட்டுக்கு வண்டியைத் திருப்பினாள்.

இருபத்திரண்டு வருஷமாகத் தன் தோட்டாவைத் தானே அடைப்பவள் மார்லிஸ். மற்ற நேரத்தில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவாள். அதே வெடிமருந்து, அதே குண்டு, அதே அளவு. ஒரு நாள்கூட இப்படி ஆனதில்லை. ஆவதற்கும் இந்த வருஷம்தானா கிடைத்தது? மிசோரி ஆற்றுக் கரட்டில் எல்க் சுட, அவளும் அவள் சிநேகிதி நெல்டாவும் சேர்ந்து பதினான்கு வருஷமாக வேட்டை அனுமதிக் குலுக்கலுக்கு எழுதிப் போட்டு, இந்த வருஷம்தான் பெயர் விழுந்தது. விழுந்தால் இரண்டு பெயரும் சேர்ந்துதான் விழும். போனால் இரண்டு பேரும் போக வேண்டும்.

ஆனால் ஆகஸ்ட் மாதத்திலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் ஒரு வெட்டுக்கிளி. சிரிக்காதீர்கள், அந்த ஊரே இதில் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது.

ஒவ்வொரு ஆகஸ்டும் ஊர்த் திருவிழாவில் யார் பிடித்த வெட்டுக்கிளி அதிக எடை என்று போட்டி நடக்கும். பரிசு ஒரு முழுப் பன்றித்தொடை. வெட்டுக்கிளியை நிறுக்க மளிகைக்கடைத் தராசு உதவுமா? துப்பாக்கி மருந்தைக் கிராமுக்குப் பதினைந்து கிரெய்ன் என்ற நுணுக்கக் கணக்கில் துல்லியமாக நிறுக்கும் குட்டித் தராசுதான் லாயக்கு. அது ஊரில் இரண்டு பேரிடம்தான் இருந்தது, மார்லிஸிடமும் நெல்டாவிடமும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. ஆகவே அவர்கள் இருவருமே நடுவர்கள். நியாயத்துக்காக ஒவ்வொரு வெட்டுக்கிளியையும் இரண்டு தராசிலும் நிறுப்பார்கள்.

அன்று காலையில் நெல்டாவின் கணவன் ஹார்லன் கொண்டுவந்தது முப்பத்தொரு கிரெய்ன் நின்றது. இரண்டு தராசும் ஒரே பேச்சு. மத்தியானம் மார்லிஸின் கணவன் ஆர்விட் ஒரு தடியனைக் கொண்டுவந்தார். அது தட்டிலிருந்து எகிறியது. ஆர்விட் பாய்ந்து அமுக்கினார். மேசை ஆடி, தராசுக்கு ஒன்றாக இருந்த இரண்டு தட்டும் தரையில் உருண்டன. யாரோ பொறுக்கி மேலே வைத்தார்கள். மறுபடி நிறுத்தால் மார்லிஸின் தராசு இருபத்தொன்பதரை என்றது, நெல்டாவின் தராசு முப்பத்திரண்டரை என்றது.

சண்டை பிடித்துக்கொண்டது. என் தராசு பொய் சொல்லாது, ஆகவே என் புருஷன் தோற்றார் என்று மார்லிஸ் ஒற்றைக்காலில் நின்றாள். என் தராசு பொய் சொல்லாது, ஆகவே என் புருஷன்தான் தோற்றார் என்று நெல்டா. இரண்டு புருஷன்களும் திருதிருவென்று முழித்தார்கள். தராசைச் சோதித்துப் பார்த்துவிடலாமே என்று போதகர் மெல்லச் சொன்னதுதான் தாமதம், இருபத்திரண்டு வருஷத்துத் தராசைச் சந்தேகப்படுவதா என்று இருவரும் அவர்மேல் பாய்ந்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. பன்றித்தொடை தீயணைப்பு நிலையத்து உறைபெட்டிக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை முழுக்க மார்லிஸ் காரணம் தேடினாள். துப்பாக்கிக் குழாயைக் கரி போகத் தேய்த்தாள். கூடுகள் நீண்டுவிட்டனவா என்று ஒவ்வொன்றாக அளந்தாள், நீளவில்லை. மருந்து டப்பாவின் பெயரை மூன்று தடவை வாசித்தாள், அதே மருந்துதான். குண்டும் பழைய பெட்டிதான். வெயில் சூட்டில் மருந்து உக்கிரமாகும் என்பார்கள். அக்டோபர் கடைசியில் வெயிலுக்கு எங்கே போவது? ஒரு தோட்டாவை உடைத்து மருந்தைக் கொட்டித் தன் தராசிலேயே நிறுத்தாள். அச்சுப் பிசகாமல் சரியாக இருந்தது. அளந்து போட்ட தராசையே சாட்சிக்குக் கூப்பிட்டால் அது வேறு என்னதான் சொல்லும்?

ஆர்விட் வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். "எல்லாத்தையும் பாத்துட்ட. அந்தத் தராச மட்டும்..."

மார்லிஸ் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் காப்பி போடப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே கழிந்தது. அன்று இரவு அவளும் ஆர்விட்டும் சாப்பிட உட்கார்ந்தார்கள். துப்பாக்கி கெட்டதைவிட, கெட்டதை முதலில் நெல்டாவிடம் சொல்ல முடியவில்லையே என்றுதான் அவளுக்கு அழுகை வந்தது. அதை வாய்விட்டும் சொல்லிவிட்டாள்.

ஆர்விட் தயங்கித் தயங்கி ஓர் உண்மையைக் கக்கினார். அவரும் ஹார்லனும் பெண்டாட்டிகளுக்குத் தெரியாமல் தினமும் தீவனக் கடையில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்களாம். "நெல்டா பாடும் திண்டாட்டந்தான். நானூறு கஜத்துல குறி வச்சா குண்டு நாலு விரல் கீழ போய் விழுதாம். துப்பாக்கி மேல இருக்குற தொலைநோக்கிய ரெண்டு தடவ மாத்திட்டா. ஆளே பாதியா போயிட்டாளாம்."

"கீழயா?" என்றாள் மார்லிஸ். "வேகம் பத்தலையா?"

"ஹார்லன் அப்படித்தான் சொன்னான்."

முள்கரண்டி தட்டில் விழுந்தது. என் மருந்து கூடுதல், அவள் மருந்து குறைச்சல். என் தராசில் வெட்டுக்கிளி குறைச்சல், அவள் தராசில் கூடுதல். திருவிழாவில் மேசை ஆடியது, இரண்டு தட்டும் உருண்டன, அதற்குப் பிறகுதான் இந்தத் தோட்டாக்களை அடைத்தது. எழுந்து கொட்டகைக்கு ஓடினாள். ஆகஸ்டிலிருந்து வீம்புக்குச் செய்யாத வேலையை இப்போது செய்தாள். தராசுக் கோலைப் பூஜ்யத்தில் வைத்து வெறும் தட்டை மாட்டினாள். சமமாக நிற்க வேண்டிய கோல், தட்டுப் பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. தட்டு இலேசு. அது அவளுடைய தட்டே இல்லை.

பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒவ்வொரு தட்டும் அதனதன் தராசுக்கென்றே எடை பார்த்துச் செய்தது; ஒன்றை இன்னொன்றில் மாட்டக் கூடாது. பேருந்து ஓட்டப் பழகும் முன்னரே இதைப் படித்தவள் அவள். தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டு சிரித்தாள், ஆர்விட் பயந்துபோய் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

மறுநாள் காலை பேருந்தில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, தராசும் தோட்டாப் பெட்டியுமாக நெல்டா வீட்டுக் கதவைத் தட்டினாள். நெல்டா திறந்தாள். மார்லிஸ் தட்டை நீட்டினாள்.

"இது ஒன்னோடது. என்னோடத குடு."

நெல்டா தட்டைப் பார்த்தாள். அவள் முகத்தில் நாலு விரல், தொலைநோக்கி, வெட்டுக்கிளி எல்லாம் வரிசையாக ஓடின. "அடிப்பாவி," என்றாள். "ரெண்டு மாசமா நான் ஒருதடவகூட பூஜ்யம் பாக்கலடி. பாத்தா ஒன் பேச்சு சரின்னு ஆயிடுமேன்னு."

"நான் மட்டும் பாத்தேனாக்கும். ஊரே பொய்த் தராசுன்னு சொல்றப்ப சோதிச்சா, ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?"

"ஒன் தோட்டா என்ன பண்ணுச்சு?"

"போல்ட்ட அடிச்சுத் தொறந்தேன்."

நெல்டாவின் முகம் வெளுத்தது. கதவோரமே மார்லிஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பிறகு வேலை நடந்தது. தட்டுகள் இடம் மாறின. இரண்டு கோலும் பூஜ்யத்தில் சமமாக நின்றன. மார்லிஸின் தோட்டாக்களை உடைத்துக் கொட்டி நிறுத்தால், ஒவ்வொன்றிலும் ஒன்றரை கிரெய்ன் கூடுதல். நெல்டாவுடையதில் அதே ஒன்றரை குறைச்சல். கொட்டகையில் எதிரெதிரே உட்கார்ந்து, ரெண்டு மாசத்துக் கதையைப் பேசிக்கொண்டே அறுபது தோட்டாக்களை உடைத்துப் புதிதாக அடைத்தார்கள். நடுவில் நெல்டா கையை நிறுத்தினாள்.

"ஏய், அப்ப ஆர்விட்டோட வெட்டுக்கிளி?"

மார்லிஸ் விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். தன் தராசு சொன்ன இருபத்தொன்பதரையோடு ஒன்றரை கூட்டினால் முப்பத்தொன்று. நெல்டாவின் முப்பத்திரண்டரையில் ஒன்றரை கழித்தாலும் முப்பத்தொன்று. ஹார்லனுடையதும் முப்பத்தொன்று. ஒருத்தனும் தோற்கவில்லை. இரண்டு பெண்களும் மேசையில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கினார்கள்.

சாயங்காலம் ஜல்லிப் பள்ளத்தில் முதல் தோட்டாவை மார்லிஸ் சுட்டாள். போல்ட்டை ஒரே விரலால் தூக்கினாள். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் திறந்தது. கேப்பு நசுங்காமல், எப்போதும்போல இருந்தது. அடுத்து நெல்டா சுட்டாள். நானூறு கஜத்து இரும்புத் தகடு டங்கென்றது. இருவரும் வண்டிக்குத் திரும்பும்போது நெல்டாவின் பிக்கப்பின் பின்பக்கத்தை மார்லிஸ் எட்டிப் பார்த்தாள். கூடாரம், இரண்டு மடக்குக் கட்டில், இரண்டு தூங்குபை. ஒரு பை அவள் இரவல் கொடுத்துத் திரும்பி வராத நீலப் பை.

"எப்ப ஏத்துன இதெல்லாம்?"

"போன வாரமே," என்றாள் நெல்டா. "நீ வரலேன்னா எறக்கிடலாம்னு இருந்தேன். தனியா போறதா உத்தேசமே இல்ல."

மார்லிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு நீலப் பையை நேராக்கி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஆர்விட்டும் ஹார்லனும் உறைபெட்டியிலிருந்து பன்றித்தொடையைத் தூக்கி வந்தார்கள். வேட்டைக்குப் பாதி, வீட்டுக்குப் பாதி. கத்தியை வைத்துக்கொண்டு, பாதி சரியாக வர இதையும் நிறுத்துப் பார்த்துவிடலாமா என்று ஹார்லன் கேட்டார்.

இரண்டு பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள்: "கண்ணளவுல வெட்டுங்க, போதும்."