அந்தக் கரை நாணல்

டீயைக் குடித்துக்கொண்டே பச்சைமுத்து பக்கத்துப் பந்தலை முறைத்தான். கோவிந்தம்மாளின் பீர்க்கங்காய்கள் யமுனைக் காற்றில் கொழுத்துப்போய் ஆடிக்கொண்டிருந்தன.

"அவ பக்கம் மட்டும் எப்படிடி இப்படிக் காய்க்குது? மந்திரம் கிந்திரம் வச்சிருக்காளா?"

"நாணப் பொதருல வண்டு குடியிருக்குதாம். அதான் பூவெல்லாம் பிஞ்சாவுதுன்னு அவ வூட்டுக்காரரு அப்பாவு அண்ணன் சொன்னாரு" என்றாள் அவன் பெண்டாட்டி செங்கம்மாள்.

"வண்டாம் வண்டு! காட்ட வளத்துக்கினு பேச்சப் பாரு."

அவர்கள் பக்கத்துக் கரையில் நாணல் கிடையாது. இன்னும் இரண்டு வரிசை சுரை ஏற்றலாமென்று கோடையிலேயே வெட்டிக் கொளுத்திவிட்டார்கள். கொளுத்திய சாம்பலில் சுரைக்கொடி தளதளவென்று படர்ந்தது, பூத்தது, பூவெல்லாம் அப்படியே உதிர்ந்தது. டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிட்வாய் நகர்க் குவார்ட்டர்ஸ் அம்மாமார்கள் செங்கம்மாளின் கூடையைத் தாண்டிப் போய், "கோவிந்தம்மா வரலையா?" என்று அவளிடமே விசாரித்தார்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட நாளெல்லாம் அவளுக்குச் சோறு இறங்காது.

டீக் குவளையை வைத்துவிட்டுப் பச்சைமுத்து தன் பந்தல் மூங்கில்களைப் பிடுங்கப் போனான். ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது; மூங்கிலையாவது காப்பாற்ற வேண்டும். "ஜல்தி வாய்யா, போதும்!" என்று அப்பாவு கத்தினார். கடைசி மூங்கிலை அவன் அசைத்தபோது காலடி மண் பிட்டுக்கொண்டு போனது. மூங்கிலோடு அவனும் போனான். எழுபத்தெட்டாம் வருஷத்து வெள்ளம் அவர்களுடைய பாதி நிலத்தையும் கூடவே இழுத்துக்கொண்டது. நாணல் நின்ற கோவிந்தம்மாளின் கரை அப்படியே இருந்தது.

செங்கம்மாள் அழுததில் பாதி பொறாமைதான். அப்பாவு இருமினால்கூட அவளுக்குள் ஏதோ எரிந்தது. இருமுவதற்குக் கோவிந்தம்மாளுக்கு ஓர் ஆள் இருக்கிறான். நிலம் இருக்கிறது. வண்டு இருக்கிறது.

வெள்ளம் வடிந்து நிலத்துக்காரன் வந்தான். அடுத்த போகம் விளையாவிட்டால் வேறு ஆளுக்குக் குத்தகைக்கு விடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் காலை கோவிந்தம்மாள் ஒரு கூடை நாணல் வேரைக் கொண்டுவந்து வைத்தாள். ஈர மண் ஒட்டியிருந்தது.

"எடுத்துக்கினு போக்கா. உன் பிச்ச எனக்கு வாணாம்."

"யாருடி பிச்ச போட்டது? உங்கரை இன்னொருவாட்டி ஒடைஞ்சா அடுத்தது எங்கரைதான். எனக்கோசரம் நடு."

அவள் இரக்கப்பட்டிருந்தால் செங்கம்மாள் கூடையை உதைத்திருப்பாள். இதில் உதைக்க எதுவுமில்லை. அவள் போன பிறகு முணுமுணுத்துக்கொண்டே நட்டாள். முட்டிவரை சேற்றில் நின்று, உடைந்த விளிம்பு நெடுக நட்டாள்.

முதல் போகம் ஆண் பூவைப் பெண் பூவோடு கையாலேயே ஒட்டிக் கொஞ்சம் காய் பார்த்தாள். நிலத்துக்காரன் முனகினான், ஆனால் விட்டுவைத்தான். இரண்டாம் வருஷம் காய்ந்த நாணல் தட்டையில் துளை போட்டுக்கொண்டு கருவண்டு ஒன்று வெளியே வந்தது. சுரைப்பூவுக்குள் புகுந்து, மகரந்தம் அப்பிய முதுகோடு அடுத்த பூவுக்குத் தாவியது. செங்கம்மாள் விரட்டாமல் நின்று பார்த்தாள். பச்சைமுத்து இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று யோசித்தாள். ஒத்துக்கொண்டிருக்கமாட்டான்.

அதற்குப் பிறகு எத்தனையோ வெள்ளம் வந்துபோயிற்று. கரை நிற்கிறது. மார்க்கெட்டில் அவள் கூடையும் காலியாகிறது. இருந்தாலும் காலையில் எழுந்ததும் அவள் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

கோவிந்தம்மாளின் நாணல் அவளுடையதைவிட ஒரு சாண் உயரமாகவே நிற்கிறது.