பழக்கிண்ணமும் மக்ரூன் டப்பாவும்

என் வீட்டுக்காரர் ரோச்சுக்குக் கப்பலில் போசன் வேலை, மேல்தள ஆட்களுக்கு மேஸ்திரி மாதிரி. அடுத்த கப்பல் ஏறுவதற்கான மெடிக்கலில் சர்க்கரை கூடுதல் என்று டாக்டர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "குறைச்சிட்டு வாங்க" என்றார். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டார். குறைக்க வேண்டியது யார்? டெல்பின் ஆகிய நான்தான்.

சென்னையில் நர்சிங் படிக்கும் மகள் ஜெமிமா ஒரு வீடியோ அனுப்பினாள். ஸ்மூத்தி பவுலாம். உறைய வைத்த பழத்தைத் தயிரோடு மிக்ஸியில் கெட்டியாக அரைத்து, கிண்ணத்தில் ஊற்றி, மேலே விதை தூவிக் கரண்டியால் சாப்பிட வேண்டுமாம். காலையில் இட்லிக்குப் பதில் அதுதான். கொய்யாவும் கொஞ்சம் பப்பாளியும் நறுக்கி ஃப்ரீசரில் வைத்தேன்.

எங்கள் தெருவில் எந்த வீட்டு ஃப்ரீசரில் மீன் இல்லை? மறுநாள் அரைத்ததில் சீலா மீன் வாடை. ரோச் ஒரு கரண்டி வாயில் வைத்தார்.

"ஏளா, புளி ஊத்தி ஒரு கொதி விட்டா சோத்துக்கு ஆகும்லா?"

கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. மீனையெல்லாம் பக்கத்து வீட்டு பிலோமினாவின் ஃப்ரீசருக்கு ஏற்றுமதி செய்தேன். அப்புறம் என் கை தேறிவிட்டது. கொய்யாவுக்குத் துளி இஞ்சி, மேலே வறுத்த பூசணி விதை, பல்லுப் பல்லாகத் தேங்காய். இனிப்பு கிட்டவே வரக்கூடாது. "மாடியில காத்து வாங்கிக்கிட்டுத் திங்கேன்" என்று எடுத்துப் போவார். வழித்து நக்கிய கிண்ணம் திரும்பி வரும். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பாஸாகிவிடுவார் என்று பெட்டியைக்கூடக் கட்டிவிட்டேன். தூத்துக்குடிக்காரன் மக்ரூன் இல்லாமல் கப்பல் ஏறினால் கூட வேலை பார்ப்பவர்கள் சும்மா விடுவார்களா? முந்திரியும் சீனியுமாக வாயில் கரைகிற அந்தப் பண்டத்தைப் பெரிய டப்பாவாக வாங்கிச் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன்.

மறுபடி டெஸ்ட் எடுத்தோம். சர்க்கரை முன்பைவிடக் கூடியிருந்தது! கொய்யாவைத் திட்டினேன். ஜெமிமாவைப் போனில் திட்டினேன். மறுநாள் துணி காயப்போட மாடிக்குப் போனால், ரோச் சட்டைப் பையிலிருந்து ஒரு மக்ரூனை எடுத்து, என் பூசணி விதைக்கு மேலே நொறுக்கித் தூவிக்கொண்டிருந்தார்.

கீழே ஓடிப் பெட்டியைத் திறந்தேன். டப்பாவில் தூள்தான் மிச்சம். கள்ளன் பெரியவனா, காப்பான் பெரியவனா என்று சும்மாவா கேட்டார்கள்? டப்பாவோடு மேலே ஏறினேன்.

"நீங்க என்ன பச்சப் பிள்ளையா? பாஸாக வேண்டாமா?"

கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாஸாயிட்டா போணும்லா."

"போகப் பிடிக்கலைன்னா வாயத் தொறந்து சொன்னா என்ன? நேசக்குமார் அண்ணாச்சி ஹார்பர் வேலைக்குக் கூப்பிட்டுக்கிட்டுதான இருக்காவ?"

"காலையில எந்திச்சு இந்தப் பாடு பட்டு அரைக்கே. பெட்டி வேற கட்டிட்ட. என்னை அனுப்ப நீ இவ்வளவு அவசரப்பட்டா, நான் எப்படிளா சொல்ல?"

அவர் கப்பல் ஏறும்போதெல்லாம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறவள் நான். தெரிந்தால் தயங்குவாரே என்றுதான் சிரித்த முகத்தோடு பெட்டி கட்டுவேன். இத்தனை வருஷமும் அந்தச் சிரிப்பை இந்த மனிதர் நம்பியிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து, குழாய் இல்லாமலே அழுதேன்.

அன்றைக்கே பெட்டியைப் பிரித்தோம். சட்டைகள் பீரோவுக்குப் போயின. நேசக்குமாரிடம் அவரே போனில் பேசினார்.

மறுநாள் காலையில் மிக்ஸி சத்தம் கேட்டு அடுக்களைக்கு வந்தார். "அதான் கப்பலுக்குப் போகலியே. இனி எதுக்குளா இது?"

"அது டாக்டர் கையெழுத்துக்கு. இது எனக்கு. நீங்க ரொம்ப காலம் இருக்கணும். இங்கனயே உக்காந்து தின்னுங்க."

சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டிவிட்டு ரோச் உட்கார்ந்தார்.