வழியனுப்பிய வீட்டைக் கழுவலாமா

காசிராஜன் லாரியில் தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூருக்குப் புறப்பட்ட ஒரு மணி நேரத்தில் மேற்கு வானம் மண்ணாக எழுந்தது. உழுது போட்டிருந்த கரிசல், ஆனிக் காற்றின் தோளேறிக் கோவில்பட்டிக்குள் புகுந்தது. அவன் மனைவி கிருஷ்ணவேணி கதவைச் சாத்தினாள்; இடுக்கில் வந்தது. சன்னலைச் சாத்தினாள், ஓட்டின் சந்தில் இறங்கியது. காற்று ஓய்ந்தபோது கட்டில், பானைமூடி, சாமி படம், மடித்து வைத்த சேலை என எல்லாவற்றின் மேலும் சாம்பல்நிறப் புழுதிப் போர்வை. தரையில் நடந்தால் கால்தடம் பதிந்தது.

புழுதி அவளுக்குப் புதிதல்ல. அவளை ஓரிடத்தில் நிற்கவிடாமல் விரட்டியது, கட்டிலில் கிடந்தவளின் மூச்சிலிருந்து வந்த விசில் சத்தம்.

கணவனின் அக்காள் சொர்ணத்தாய் இருபத்திரண்டு ஆண்டுகள் நூற்பாலையில் பஞ்சுத் தூசியைத் தின்று கூலி வாங்கியவள். ஆலை அவளை விட்டுவிட்டது; ஆலையின் பஞ்சு அவள் நெஞ்சை விடவில்லை. போன மாதம் மூன்று நாள் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தாள். "பெருக்காதீங்க, தட்டாதீங்க. ஈரத்துணியால துடைச்சு எடுங்க. இன்னொரு தடவை வந்தா இவங்க தாங்கமாட்டாங்க" என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நின்றவள் கிருஷ்ணவேணி.

அவள் வாளியில் உப்புத்தண்ணீர் மொண்டு வந்தாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"தொடைக்கப் போறேன் மதினி."

"லாரி இன்னும் விருதுநகர் தாண்டியிருக்காது. அதுக்குள்ள வீட்டுல தண்ணிய விடுதியா? எப்பம் வீட்டைக் கழுவுவாவன்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். பிணம் தெருமுனை திரும்பியதும் கழுவுவார்கள். ஆகவே, பயணம் போனவன் வீட்டைக் கழுவினால் அவனும் திரும்பமாட்டான்! எவனோ ஒருவன் எந்தக் காலத்திலோ அச்சத்தில் உளறியது, ஏட்டில் இல்லாத சட்டமாகி வீட்டுக்கு வீடு ஆட்சி செய்கிறது. மீறியவளைத் தண்டிக்க அந்தச் சட்டத்துக்குக் காவலரும் வேண்டியதில்லை. அவள் மனமே போதும்.

"அவன் போய் எறங்கி பூத்துக்குப் போன் போடட்டும். பொறவு கழுவு."

"நாலு நாளாகும். அதுவரைக்கும் இந்த மண்ணுக்குள்ளயா கெடப்பிய?"

"மில்லுல கெடக்கலையா?"

"கெடந்ததுக்குத்தான் இப்பம் விசில் அடிக்குதிய."

சொர்ணத்தாய்க்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு இருமலாயிற்று. இருமல் தணிந்ததும் துண்டை எடுத்துத் தலையணையைப் படார் படாரென்று அடித்தாள்.

"வேண்டாம் மதினி."

"கழுவவா செய்யுதேன்? தட்டத்தான செய்யுதேன். தட்டுனா தோசம் கெடையாது."

படுத்திருந்த புழுதி எழுந்தது. மூன்று மூச்சு இழுத்தாள். நான்காவது வரவில்லை. வாய் திறந்திருந்தது, உதடு கறுத்தது. கிருஷ்ணவேணி அவளை அள்ளியணைத்து, புழுதி குறைந்த அடுப்படிக்கு இழுத்துப்போனாள். டாக்டர் கொடுத்த பம்பு மருந்தை வாயில் வைத்து அழுத்தினாள், மறுபடியும் அழுத்தினாள். அறுந்த நூலை முடிந்தாற்போல் மூச்சு திரும்பியது.

"நான் வீட்டைத் தொடைக்கேன். அதுக்குள்ள இது அடங்கலைன்னா ஆட்டோ கூப்பிடுதேன்" என்று ஈரத்துணியை அவள் மூக்கில் பொத்தினாள்.

"அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவிய என்னையக் கேப்பாவ. நான் என்ன சொல்ல?"

சுவரின் உச்சியிலிருந்து தொடங்கினாள். படம், பரண், கட்டில், பிறகு தரை. தண்ணீர் மூன்று முறை கறுத்தது. மூன்று முறை மாற்றினாள். துணியைப் பிழியும் ஒவ்வொரு முறையும் சொர்ணத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

வாசல்படி மிஞ்சியது.

"அதை மட்டும் விட்டுரு, வேணி." அதட்டல் போய், அந்தக் குரல் கெஞ்சியது.

கிருஷ்ணவேணியின் கை நின்றது. வண்டி நிறையத் தீக்குச்சி. ஒரு பொறி போதும். அந்தப் பழஞ்சட்டத்தை எள்ளி நகையாடிய அவள் நெஞ்சுக்குள்ளேயே அது குந்தியிருந்தது! இந்த ஒரு சாண் படிதானே, விட்டுவிட்டால் யாருக்கு நட்டம் என்று அவள் குரலிலேயே பேசியது. துணியிலிருந்து நீர் சொட்டியது. தெருவில் காற்று மறுபடியும் புரண்டு, படிப்புழுதியைக் கோடுகோடாய் உள்ளே தள்ளியது. அடுப்படியில் விசில் ஏறியது.

அவள் குனிந்தாள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, இடுக்கு விடாமல், அழுத்தித் துடைத்தாள். கண்ணீர் வந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. கோணிச்சாக்கை நனைத்துக் கதவடியில் திணித்தாள்.

"தொடைச்சிட்டேன் மதினி."

அடுப்படியிலிருந்து சொர்ணத்தாயின் மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது என்று எண்ணியபடி, உட்கார முடியாமல், அவள் அந்தக் கதவருகிலேயே நின்றாள்.